வயலில் யார்? பட்டாவில் யார்?

(பணியிடைப் பயிற்சியின்போது தொடக்க, உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஆண்டுதோறும் ஜூன் 17 உலகப் பாலைவனமாதல் மற்றும் வறட்சி எதிர்ப்பு நாள். பள்ளி திறந்து சில நாள்களே ஆகியிருக்கும். உறுதிமொழி எடுக்கிறோம், கட்டுரைப் போட்டி வைக்கிறோம், மரக்கன்று நடுகிறோம். 2023-ஆம் ஆண்டு இந்த நாளுக்கு ஐக்கிய நாடுகள் அவை எடுத்துக்கொண்ட கருப்பொருள் பெண்களின் நிலமும் அதன் மீதான உரிமையும். 2026-ஆம் ஆண்டைப் பன்னாட்டுப் பெண் உழவர் ஆண்டாகவும் அறிவித்திருக்கிறார்கள். நிலம் கெடுவதற்கும் பெண்ணின் உரிமைக்கும் என்ன தொடர்பு, அந்தத் துறையில் நடந்த முயற்சிகளை எப்படி மதிப்பிடுவது, இதை வகுப்பறைக்கு எப்படிக் கொண்டுபோவது என்று பேசும்படி என்னைக் கேட்டுக்கொண்டார்கள். சமூக அறிவியல் பாடம் எடுப்பவன் என்ற முறையில், நம் காவிரிப் படுகையை வைத்தே பேசுகிறேன்.

மதிப்பீடு நமக்குப் புதிதல்ல. வருகைப் பதிவேடு ஒன்று, மதிப்பெண் பதிவேடு வேறு என்று நமக்குத் தெரியும். ஒரு மாணவி 200 நாள் பள்ளிக்கு வந்தாள் என்பதால் அவளுக்குப் படிக்கத் தெரியும் என்று எழுதிவிட மாட்டோம். ஆனால் நிலம், நீர் தொடர்பான திட்ட அறிக்கைகளில் "இத்தனை பெண்கள் பங்கேற்றனர்" என்ற வரியோடு பாலின சமத்துவம் முடிந்துவிடுகிறது. அது வருகைப் பதிவேடு. மதிப்பெண் பதிவேட்டில் என்னென்ன இருக்க வேண்டும் என்பதே இன்றைய பேச்சு.

நம் ஊரில் நிலம் கெடும் விதம்

பாலைவனமாதல் என்றால் பிள்ளைகள் தார் பாலைவனத்தையும் ஒட்டகத்தையும் நினைக்கிறார்கள். மண் தன் விளைதிறனை இழந்துகொண்டே போவதுதான் அதன் பொருள். இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் விண்வெளிப் பயன்பாட்டு மையம் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு வெளியிட்ட வரைபடத் தொகுப்பின்படி, 2018-19-இல் நாட்டில் 9 கோடியே 78 லட்சம் ஹெக்டேர் நிலம் சீர்கெட்டிருந்தது. மொத்தப் பரப்பில் இது 29.77 சதவீதம்.

டெல்டாவில் இது எப்படி நடக்கிறது? மேட்டூரில் ஜூன் 12-இல் தண்ணீர் திறந்தால் குறுவை உண்டு. 2012 முதல் 2019 வரை எட்டு ஆண்டுகள் தொடர்ந்து அந்த நாளில் அணை திறக்கவில்லை. ஆற்றில் தண்ணீர் வராதபோது ஆழ்குழாய்க் கிணற்றை நம்புகிறோம். நிலத்தடி நீர் இறங்குகிறது. கடலோரத்தில் அந்த இடத்தைக் கடல்நீர் பிடித்துக்கொள்கிறது. நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கத்தில் வயலில் வெள்ளை பூத்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். உப்பு மிகுந்தால் உவர் நிலம், சோடியம் ஏறி மண் இறுகினால் களர் நிலம். உவருக்கு நல்ல நீரைத் தேக்கி வடிக்க வேண்டும், களருக்கு ஜிப்சம் இட வேண்டும். இரண்டுக்கும் தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுவது நல்லது. இத்தனைக்கும் நல்ல நீரும் காசும் வேண்டும். கடைமடைக்கு இரண்டும் கடைசியாகத்தான் வருகின்றன.

2016-இல் வடகிழக்குப் பருவமழையும் கைவிட்டது. சுமார் 440 மில்லிமீட்டர் பெய்ய வேண்டிய இடத்தில் மாநிலத்தில் 168 மில்லிமீட்டர்தான் பெய்தது. 2017 ஜனவரி 10 அன்று எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டன. இன்று பட்டம் படிக்கும் நம் பழைய மாணவர்கள் அப்போது நம் வகுப்புகளில் இருந்தவர்கள். அப்பா திருப்பூருக்கோ வளைகுடா நாட்டுக்கோ போய்விட, வீட்டையும் மாட்டையும் வயலையும் அம்மா பார்த்துக்கொண்ட குடும்பங்கள் எத்தனை என்று உங்களுக்கே தெரியும்.

நான்கு அளவுகோல்கள்

பாலைவனமாதலைத் தடுப்பதற்கான ஐ.நா. உடன்படிக்கை 1994 ஜூன் 17 அன்று பாரிசில் உருவானது. இந்தியா 1996-இல் அதை ஏற்றுக்கொண்டது. 2017-இல் சீனாவின் ஓர்டோஸ் நகரில் கூடிய உறுப்பு நாடுகள், இதற்கென ஒரு பாலின சமத்துவச் செயல் திட்டத்தை ஏற்றன. அது நான்கு துறைகளை முன்வைக்கிறது: முடிவெடுப்பதில் பங்கு, பொருளாதார வலிமை, நில உரிமை, அறிவும் தொழில்நுட்பமும். 2019-இல் இந்த உடன்படிக்கையின் 14-ஆவது மாநாடு டெல்லி அருகே நம் நாட்டிலேயே நடந்தது. 2030-க்குள் 2 கோடியே 60 லட்சம் ஹெக்டேர் நிலத்தை மீட்போம் என்று அங்கே இந்தியா அறிவித்தது. நான்கு துறைகளையும் நான்கு கேள்விகளாக மாற்றி, நம் ஊரில் வைத்துப் பார்ப்போம். நில உரிமையை முதலில் எடுத்துக்கொள்கிறேன். மற்ற மூன்றும் அதைத் தொட்டே வருகின்றன.

முதல் கேள்வி: பட்டா யார் பெயரில்?

சட்டத்தில் தமிழ்நாடு முந்திக்கொண்டது. பரம்பரைக் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு என்று 1989-லேயே இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தினோம். மத்திய அரசின் திருத்தம் 2005-இல் வந்தது. தந்தை உயிரோடு இருந்தாரா இல்லையா என்பது பொருட்டல்ல, மகளுக்குப் பிறப்பாலேயே உரிமை என்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது.

நடைமுறை என்ன? 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி, நாட்டில் சாகுபடி நிலத்தைத் தம் பொறுப்பில் வைத்திருப்போரில் பெண்கள் சுமார் 14 சதவீதம்தான். நம் பக்கத்தில் பங்கு பிரிக்கும்போது சகோதரிகள் பத்திரப்பதிவு அலுவலகத்துக்கு வந்து விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிறார்கள். அண்ணன் தம்பி உறவு முறிந்துவிடக் கூடாது, தாய்வீட்டுச் சீர் நின்றுவிடக் கூடாது என்ற கவலை. 1989 சட்டத்தை அந்த ஒரு கையெழுத்து இல்லாமல் ஆக்கிவிடுகிறது.

பட்டாவில் பெயர் இல்லாவிட்டால் என்ன நட்டம்? பிரதமரின் உழவர் நிதி ஆண்டுக்கு 6,000 ரூபாய், நில ஆவணம் உள்ள குடும்பத்துக்கு. கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் கேட்டால் முதலில் சிட்டா கேட்பார்கள். குத்தகைக்குப் பயிரிடுபவர் காப்பீடு செய்ய வேண்டுமென்றால் கிராம நிர்வாக அலுவலரிடம் அடங்கல் வாங்கியாக வேண்டும். மண்வள அட்டையும் நிலத்துக்குரியவர் பெயரில்தான் வருகிறது. கணவர் ஊரில் இல்லை, மண்ணைப் பார்த்துக்கொள்பவர் மனைவி. அவரிடம் ஆவணம் இல்லாததால் ஜிப்சத்துக்கும் தக்கைப்பூண்டு விதைக்கும் அவரால் நேராகப் போய்க் கேட்க முடியவில்லை. நிலம் சீர்கெடுவதற்கும் பெண்ணின் உரிமைக்கும் உள்ள தொடர்பு இதுதான்.

கும்பகோணத்தில் பிறந்த வேளாண் அறிஞர் எம்.எஸ்.சுவாமிநாதன் இதை நன்கு அறிந்திருந்தார். பயிரிடும் பெண்ணை, நிலம் அவர் பெயரில் இல்லாவிட்டாலும், உழவர் என்று அங்கீகரிக்க வேண்டும் என்ற தனிநபர் மசோதாவை 2012-இல் மாநிலங்களவையில் கொண்டுவந்தார். அது சட்டமாகாமலே காலாவதியானது.

பெண் பெயரில் நிலம் என்பதை நம் மண்ணிலேயே செய்துகாட்டியவர்களும் உண்டு. 1968 டிசம்பர் 25 அன்று, அன்றைய தஞ்சை மாவட்டத்தின் கீழ்வெண்மணியில், கூலி உயர்வு கேட்ட தலித் விவசாயக் கூலிக் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டனர். அதன் பிறகு கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதனும் அவர் கணவர் ச.ஜெகந்நாதனும் இங்கே வந்து தங்கிப் பணியாற்றினார்கள். 1981-இல் 'லாப்டி' என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். நிலவுடைமையாளர்களிடம் பேசி நியாய விலைக்கு நிலத்தை வாங்கி, நிலமற்ற தலித் குடும்பங்களுக்குக் குடும்பத்துக்கு ஓர் ஏக்கர் என்ற அளவில் பெண்களின் பெயரில் பதிவுசெய்து கொடுத்தார்கள். இப்படிச் சுமார் 13,000 குடும்பங்கள் நிலம் பெற்றன. 2008-இல் இருவருக்கும் மாற்று நோபல் பரிசு எனப்படும் ரைட் லைவ்லிஹுட் விருதும், 2020-இல் கிருஷ்ணம்மாளுக்குப் பத்மபூஷணும் கிடைத்தன.

கதை அங்கே முடியவில்லை. 1990-களின் தொடக்கத்தில் நாகைக் கடலோரத்தில் இறால் பண்ணைகள் பெருகின. பண்ணைக் குட்டைகளின் உப்புநீர் பக்கத்து வயல்களிலும் குடிநீர்க் கிணறுகளிலும் கசிந்தது. வயல் உவரானதோடு குடத்தைத் தூக்கிக்கொண்டு பெண்கள் நடக்கும் தூரமும் கூடியது. பெண்கள் போராடினார்கள். ஜெகந்நாதன் உச்ச நீதிமன்றம் சென்றார். 1996 டிசம்பர் 11 அன்று வந்த தீர்ப்பு, கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் இருந்த இறால் பண்ணைகளை அகற்றவும், பாதிக்கப்பட்டோருக்கு இழப்பீடு தரவும் உத்தரவிட்டது. பின்னர் 2005-இல் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையத்துக்கான சட்டம் வந்து, பண்ணைகள் பதிவுமுறைக்குள் தொடர வழி ஏற்பட்டது. இந்த வரலாற்றிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது, பட்டா கொடுத்த எண்ணிக்கையோடு மதிப்பீட்டை முடித்துவிடக் கூடாது என்பதே. பத்து ஆண்டு கழித்து அந்த நிலம் விளைகிறதா, இன்னும் அந்தப் பெண்ணிடம்தான் இருக்கிறதா என்றும் போய்ப் பார்க்க வேண்டும்.

இன்றும் வழிகள் இருக்கின்றன. ஆதிதிராவிடப் பெண்கள் விவசாய நிலம் வாங்க, நிலமதிப்பில் பாதி, அதிகபட்சம் 5 லட்சம் ரூபாய் மானியம் தரும் 'நன்னிலம் மகளிர் நில உடைமைத் திட்டம்' தாட்கோ வழியாக நடக்கிறது. 10 லட்சம் ரூபாய் வரையிலான சொத்தைப் பெண்கள் பெயரில் பதிந்தால், 2025 ஏப்ரல் முதல் பதிவுக்கட்டணத்தில் ஒரு சதவீதம் குறைவு. பெற்றோர் கூட்டங்களில் இந்தச் செய்திகளை நாம் சொல்லலாம்.

இரண்டாம் கேள்வி: முடிவெடுப்பவர் யார்?

உள்ளாட்சியில் பெண்களுக்கு 50 சதவீத இடஒதுக்கீடு 2016-இல் சட்டமானது. இது பெரிய மாற்றம். ஊராட்சித் தலைவர் என்று ஒரு பெண்ணைப் பார்த்து வளரும் பெண் குழந்தைக்கு அது தனிப்பாடம்.

ஆனால் தண்ணீர் பற்றிய முடிவு பெரும்பாலும் வேறோர் இடத்தில் எடுக்கப்படுகிறது. நீரைப் பயன்படுத்துவோர் சங்கங்கள் நில உரிமையை அடிப்படையாகக் கொண்டவை. 2017-இல் மீண்டும் தொடங்கிய குடிமராமத்துப் பணிகளும் பாசனதாரர் சங்கங்கள் வழியாகவே நடந்தன. பட்டா இல்லாதவருக்கு அங்கே குரல் இல்லை. எந்த வாய்க்காலை முதலில் தூர்வாருவது, முறைப்பாசனத்தில் யாருக்கு எந்த நாள் என்பதெல்லாம் பெண்கள் இல்லாமலே முடிவாகிறது.

நூறு நாள் வேலையைப் பாருங்கள். 2006 பிப்ரவரியில் திட்டம் தொடங்கியபோதே முதல் கட்ட மாவட்டங்களில் நாகப்பட்டினம் இருந்தது. மூன்றில் ஒரு பங்கு பெண்கள் என்றது சட்டம். தமிழ்நாட்டில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் பெண்களே வேலை செய்தார்கள். ஏரியையும் குளத்தையும் தோண்டியவர்கள் அவர்கள். ஆண் பெண் இருவருக்கும் ஒரே கூலி என்பதால், தனியார் வயலில் கூலி பேசும்போதும் அவர்களுக்குத் துணிவு வந்தது. வருகைப் பதிவேட்டில் இதற்கு நூற்றுக்கு நூறு போடலாம். எந்தக் குளத்தைத் தோண்டலாம் என்று கிராம சபையில் அவர்களைக் கேட்டார்களா, அவர்கள் சொன்ன குளம் தீர்மானத்தில் ஏறியதா? இந்தக் கேள்விக்கான பதிலைத்தான் மதிப்பெண் பதிவேட்டில் எழுத வேண்டும்.

மூன்றாம் கேள்வி: வறட்சியில் யார் வருமானம் போனது?

2017-இல் கருகிய நெல்லுக்கு ஏக்கருக்கு 5,465 ரூபாய் நிவாரணம் அறிவிக்கப்பட்டது. நூறு நாள் வேலை 150 நாளாக உயர்த்தப்படும் என்றும் சொன்னார்கள். முதல் தொகைக்கு அளவு ஏக்கர். நடவும் களையெடுப்பும் செய்து வாழும் பெண்ணுக்கு ஏக்கர் ஏது? குறுவை இல்லை என்றால் அவருக்கு அந்தப் பருவ நடவுக்கூலி முழுவதும் இல்லை. அந்த இழப்பு எந்தப் பயிர்ச்சேதக் கணக்கிலும் ஏறுவதில்லை.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தண்ணீர் குறைவாக இருக்கும்போது நேரடி நெல் விதைப்புக்குப் போகச் சொல்கிறோம். நாற்றங்கால் வேண்டாம், சேற்றுழவு வேண்டாம், தண்ணீர் மிச்சம். வறட்சியைச் சமாளிக்க நல்ல வழி. கூடவே நடவு எந்திரமும் அறுவடை எந்திரமும் வந்துவிட்டன. இவற்றால் முதலில் வேலை இழப்பது நடவுப் பெண்கள். நீரைச் சேமித்த திட்டம் வெற்றி என்று எழுதும் அதே அறிக்கையில், பெண்கள் இழந்த வேலைநாள்களும் ஒரு வரியாக வர வேண்டும். அப்போதுதான் மாற்று என்ன என்ற பேச்சு தொடங்கும். நெல் தரிசில் உளுந்து, பயறு சாகுபடியில் பெண்கள் குழுவாகக் குத்தகை எடுப்பது, எந்திரத்தை ஓட்டப் பெண்களுக்கே பயிற்சி தருவது என்று பல வழிகள் இருக்கின்றன. எந்திரம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. முதுகு வளைந்து சேற்றில் நிற்கும் வேலையிலிருந்து விடுதலை தேவைதான். அந்த விடுதலை வருமானத்தோடு வர வேண்டும்.

நான்காம் கேள்வி: அறிவு யாரிடம் சேர்கிறது?

ஆடுதுறையில் நெல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. தஞ்சை காட்டுத்தோட்டத்தில் மண், நீர் மேலாண்மைக்கென்றே ஓர் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அறிவுக்கு இங்கே பஞ்சமில்லை. பயிற்சி எந்த நேரத்தில் நடக்கிறது, வீட்டில் கைப்பேசி யார் கையில் இருக்கிறது, மழை அறிவிப்பு யார் காதுக்கு முதலில் போகிறது என்பவையே நாம் கேட்க வேண்டியவை. செம்மை நெல் சாகுபடியில் களையெடுக்கும் உருளைக் கருவி வந்ததும், கையால் களை பறித்த பெண்களின் வேலை பல இடங்களில் ஆண்கள் கைக்கு மாறியது. கருவியைப் பழக்கியபோது பெண்களையும் அழைத்திருந்தால் அப்படி ஆகியிருக்காது.

தெலங்கானாவின் சகீராபாத் பகுதி வறண்ட செம்மண் பூமி. அங்கே தக்காண வளர்ச்சிச் சங்கத்தின் துணையோடு தலித் பெண்கள் சங்கங்களாகச் சேர்ந்து, தரிசாகக் கிடந்த நிலத்தைத் திருத்திச் சிறுதானியம் விளைவித்தார்கள். விதையைத் தாங்களே காத்து வைத்தார்கள். 2008-இல் சொந்தச் சமுதாய வானொலியும் தொடங்கினார்கள். 2019-இல் ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் ஈக்வேட்டர் பரிசு அவர்களுக்குக் கிடைத்தது. விதை பற்றிய அறிவும் அதைச் சொல்லும் ஒலிவாங்கியும் பெண்கள் கையில் இருந்ததால் அது நிலைத்தது.

நம் வகுப்பறையில்

இதில் நாம் செய்யக்கூடியது என்ன? என் அனுபவத்தில் பயன்பட்ட சிலவற்றைச் சொல்கிறேன்.

தொடக்கப்பள்ளி ஆசிரியர்கள், "ஒரு விவசாயியின் படம் வரையுங்கள்" என்று மட்டும் சொல்லிப் பாருங்கள். தலைப்பாகை கட்டிய ஆண் ஏர் பிடித்து நிற்பார். நாள்தோறும் அம்மா நடவுக்குப் போவதைப் பார்க்கும் குழந்தையும் அப்படித்தான் வரைகிறது. நாம் சுவரில் மாட்டியிருக்கும் படமும் அதுதானே? படங்களைப் பத்திரப்படுத்துங்கள். ஆண்டு முழுவதும் வயல் வேலைகளை, அவற்றைச் செய்பவர்களோடு சேர்த்துச் சொல்லிக் கொடுங்கள். ஆண்டு முடிவில் மறுபடி வரையச் சொல்லி ஒப்பிடுங்கள். இதுவும் ஒரு மதிப்பீடுதான்.

உயர்நிலை வகுப்பில் நான்கு கேள்விகளையும் எளிமையாக்கி, வீட்டில் கேட்டு எழுதி வரச் சொல்லலாம். நாற்று நட்டது யார், நெல் விற்ற பணம் யார் கைக்கு வந்தது, பட்டாவில் யார் பெயர், கடைசி கிராம சபைக்கு யார் போனார்கள்? கணக்கு ஆசிரியர் இதை வைத்துச் சதவீதமும் வட்ட விளக்கப்படமும் நடத்தலாம். அறிவியல் ஆசிரியர் இரண்டு வயல்களின் மண்ணைக் கரைத்து, லிட்மஸ் தாளால் காரத்தன்மையைக் காட்டலாம். தமிழாசிரியர் பாட்டிகளிடமிருந்து நடவுப் பாடல்களைச் சேகரிக்கச் சொல்லலாம்.

இதில் ஓர் எச்சரிக்கை அவசியம். வகுப்பில் பாதிக்கு மேற்பட்ட பிள்ளைகளின் வீட்டில் ஒரு குழிகூட நிலம் இருக்காது. யாரிடம் எத்தனை ஏக்கர் என்று சபையில் கேட்கவே கூடாது. டெல்டாவில் நிலத்தைப் பற்றிய கேள்வி உடனே சாதியைப் பற்றிய கேள்வியாகிவிடும். தாளில் பெயர் எழுத வேண்டாம், "நிலம் இல்லை" என்பதையும் மற்ற விடைகளைப் போல ஒரு விடையாக வையுங்கள். தந்தை இல்லாத பிள்ளைகளையும் நினைவில் கொள்ளுங்கள்.

கடைசியாக நம் சேர்க்கைப் படிவம். தந்தை தொழில்: விவசாயம். தாய் தொழில்: வீட்டு வேலை. பிள்ளையைச் சேர்க்க வருபவர் அப்படித்தான் சொல்வார். அந்தத் தாயின் காலில் சேறு காய்ந்திருக்கும். "நீங்களும் வயலுக்குப் போறீங்களாம்மா?" என்று ஒரு கேள்வி கேட்டுவிட்டு எழுதுவோம். போகிறேன் என்று அவர் சொன்னால் அந்தக் கட்டத்திலும் விவசாயம் என்றோ விவசாயக் கூலி என்றோ எழுதலாம். அதற்கு எந்த அரசாணையும் தேவையில்லை.

வரும் ஜூன் 17 அன்று எத்தனை கன்று நட்டோம் என்று அறிக்கை அனுப்புவோம். அதோடு இந்த நான்கு கேள்விகளில் ஒன்றையாவது வகுப்பில் பேசினோம் என்ற செய்தியையும் சேர்த்து அனுப்புவோம். இன்று நம்மிடம் படிக்கும் பெண் குழந்தைகளில் சிலர் இன்னும் பத்து, பதினைந்து ஆண்டுகளில் ஒரு விடுதலைப் பத்திரத்தின் முன் பேனாவோடு நிற்பார்கள். கையெழுத்துப் போடுவதா வேண்டாமா என்பது அவர்கள் முடிவு. அது என்ன பத்திரம், எதை விட்டுக்கொடுக்கிறோம் என்று அப்போது அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதைச் சொல்லிக்கொடுப்பது நம் வேலை.